ஒரு மிதிவண்டியின் விலை
இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., கணிதம்

“கலைப்படமா? அதிலே ஒன்றுமே நடக்காதே!”

விடுதியில் இச்சொல்லைக் கேட்காத நாளில்லை. நண்பர்களைக் குறை சொல்வதற்கில்லை. சண்டை இல்லை, பாட்டு இல்லை, ஒருவன் நடக்கிறான், நடந்துகொண்டே இருக்கிறான், படமும் முடிந்துவிடுகிறது. ஆயினும் கணிதம் பயில்பவன் என்ற முறையில் இப்படங்களில் நான் கண்ட ஒன்றை எழுதத் துணிகிறேன். பெரும் படங்களில் நாயகன் ஒரே பாட்டில் மாளிகை கட்டிக் குடியேறிவிடுகிறான். செங்கல் என்ன விலை, கடன் கொடுத்தவர் யார், வட்டி எவ்வளவு என்று கேட்பாரில்லை. அங்கே தாவிச் செல்லும் கணக்கை இங்கே வரி வரியாகப் போட்டுக் காட்டுகிறார்கள். நாம் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொல்கிற நேரமெல்லாம் அந்தக் கணக்குதான் நடந்துகொண்டிருக்கிறது.

முதலில் ஒரு மிதிவண்டி. இத்தாலிய இயக்குநர் வித்தோரியோ தெ சிகா 1948-இல் எடுத்த ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ என்ற படம். போருக்குப் பிந்திய ரோம் நகரம். வேலையின்றி வாடும் அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. ஆனால் சொந்த மிதிவண்டி வேண்டும். வண்டியோ அடகில் இருக்கிறது. மனைவி மரியா ஒரு வார்த்தையும் வீணாக்காமல் படுக்கை விரிப்புகளை உருவி மூட்டை கட்டுகிறாள். விரிப்பை அடகு வைத்து வண்டியை மீட்கிறார்கள். அடகுக்கடை ஊழியன் அந்த மூட்டையோடு உயர்ந்த அடுக்குகளில் ஏறுகிறான். ஏற ஏற, எங்கு பார்த்தாலும் அதே போன்ற மூட்டைகள். ஒரு வீட்டின் வறுமை என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது ஓர் ஊரின் வறுமையாகிவிடுகிறது. வசனகர்த்தாவுக்கு அங்கே வேலையே இல்லை.

வேலைக்குப் போன முதல் நாளே வண்டி களவு போகிறது. தகப்பனும் சிறுவன் புரூனோவும் நகரமெங்கும் தேடுகிறார்கள். இடையே, வருவது வரட்டும் என்று மகனை உணவு விடுதிக்கு அழைத்துச் செல்கிறான் அந்தோனியோ. அங்கும் நிம்மதியாக உண்ண முடிகிறதா? வேலை நிலைத்திருந்தால் மாதம் என்ன வரும் என்று சொல்லச் சொல்லச் சிறுவன் கூட்டல் போடுகிறான். உலகத் திரைப்படங்களில் இதைவிடத் துயரமான கூட்டல் கணக்கு இருக்குமா என்பது ஐயமே. இறுதியில் அந்தோனியோவே இன்னொருவன் வண்டியைத் திருடப் போய்ப் பிடிபடுகிறான். ‘திருடர்கள்’ என்று தலைப்பில் ஏன் பன்மை வந்தது என்பது அப்போதுதான் விளங்குகிறது. அந்தோனியோவாக வருபவர் நடிகரல்லர்; தொழிற்சாலைத் தொழிலாளி. மிதிவண்டியைப் பிடித்திருக்கும் விதத்திலேயே அது தெரிகிறது.

1950-இல் லண்டனில் இப்படத்தைப் பார்த்த வங்க இளைஞர் ஒருவர், தாமும் இப்படியொரு படம் எடுப்பதென்று முடிவு செய்தார். அவரே சத்யஜித் ராய். 1952-இல் ‘பதேர் பாஞ்சாலி’ தொடங்கியது; கைப்பணம் தீர்ந்தது; காப்பீட்டுப் பத்திரமும் மனைவியின் நகைகளும் அடகுக்குப் போயின. முடிவில் மேற்கு வங்க அரசு பணம் கொடுக்க, 1955-இல் படம் வெளிவந்தது. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்குத் தொடங்கும்போது வயது 21. அதற்குமுன் சினிமாக் காமிராவைக் கையாண்டதில்லை. (நம் வயதுதான், நண்பர்களே!) இப்படத்தைப் பற்றிப் பெரியோர் பலர் எழுதிவிட்டதால் ஒரு காட்சியோடு நிறுத்திக்கொள்கிறேன். அண்டை வீட்டார் துர்காவின்மேல் சுமத்திய நெக்லஸ் திருட்டுப் பழியை அவள் மறுத்துவிடுகிறாள். அவள் இறந்தபின் தம்பி அபுவின் கையில் அந்த நெக்லஸ் அகப்படுகிறது. யாரிடமும் சொல்லாமல் குளத்தில் எறிகிறான். விலகிய பாசி மெல்ல மூடிக்கொள்கிறது.

நம் மொழிக்கு வருவோம். பாலு மகேந்திராவின் ‘வீடு’ 1988-இல் வந்தது. அலுவலகத்தில் வேலை பார்க்கும் சுதா, தங்கை, முதிய தாத்தா. குடியிருக்கும் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை. இருக்கும் இரு மனைகளில் ஒன்றை விற்று மற்றதில் வீடு கட்டத் தொடங்குகிறாள். அவ்வளவுதான் கதை, பாடல்கள் கிடையா. நகை போகிறது, கடன் ஏறுகிறது, மழை வருகிறது, ஒப்பந்தக்காரர் ஏய்க்கிறார். தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் முடிவடையாத வீட்டைப் பார்க்கத் தனியே வந்து, சுவரைத் தொட்டுத் தொட்டு நடக்கும் காட்சியை மறக்க முடியாது. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

என் தந்தையார் கொத்தனார், தாயார் சித்தாள். எங்கள் வீட்டில் எனக்கு முன் கல்லூரி வாசல் மிதித்தவர் இல்லை. விடுமுறையில் இப்படத்தை அவர்களுக்குக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். பாதியில் தூங்கிவிடுவார்கள் என்று எண்ணியிருந்தேன். சிமெண்ட் திருட்டைச் சித்தாள் மங்கம்மா வெளிப்படுத்தும் இடத்தில் அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். “கலவையைக் குறைச்சா, நாளைக்கு விரிசல் விடும்போது கொத்தனாரைத்தானே திட்டுவாங்க” என்றார். “அந்தம்மா நெசமாவே சித்தாளா?” என்று அம்மா கேட்டார். நடிகை என்றேன், நம்பவில்லை. வீடு முடியும் தறுவாயில் அதிகாரிகள் வந்து, இந்த மனை ஏற்கெனவே குடிநீர் வாரியத்துக்கு எடுக்கப்பட்டது என்கிறார்கள். படம் முடிந்தபின் அப்பா வெகுநேரம் பேசவில்லை. நாங்கள் முன்பணம் கொடுத்து வைத்திருக்கும் இரண்டு சென்ட் மனையின் பத்திர நகலை எடுத்து என்னிடம் நீட்டி, “சர்வே நம்பரைப் பார்த்து நல்லா விசாரிச்சு, வில்லங்கம் போட்டுப் பாத்துருடா” என்றார். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அதே நிலக் கணக்கை மலைமேல் ஏற்றிய படம் லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018). தேனிப் பக்கத்து மலையில் ஏலக்காய்ச் சுமை தூக்கும் ரங்கசாமிக்கு ஒரு துண்டு நிலம் வாங்க ஆசை. அரும்பாடுபட்டுச் சேர்த்த மூட்டை பள்ளத்தில் உருண்டு சிதறுகிறது. ஏலக்காய் சிதறும் அந்த நொடியில் எத்தனை ஆண்டு உழைப்பு என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை. அதுவரை அவனோடு மலையேறிய நமக்கே கால் வலித்திருக்கும். பின்னர் நிலம் வாங்குகிறான், கடனில் இழக்கிறான், தன் நிலமாயிருந்த இடத்தில் நிற்கும் காற்றாலைக்கே காவலாளி ஆகிறான். பின்பாதி சற்று விரைந்து ஓடுவதும், சில இடங்களில் மேடைப்பேச்சு எட்டிப் பார்ப்பதும் என் கண்ணில் பட்ட குறைகள். முதல் பாதியின் நிதானத்தோடே சென்றிருந்தால் இன்னும் ஆழமாகத் தைத்திருக்கும்.

பி. எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது பெற்றது. மதுரை மாவட்டத்து வறண்ட நிலம். கோபித்துச் சென்ற மனைவியை அழைத்துவர, குடிகாரத் தகப்பன் மகன் வேலுவைப் பள்ளியிலிருந்து இழுத்துக்கொண்டு போகிறான். திரும்பும்போது பேருந்துப் பணத்தைச் சிறுவன் கிழித்தெறிந்துவிட, இருவரும் வெயிலில் நடந்தே ஊர் சேர வேண்டியதாகிறது. “நடந்துகொண்டே இருக்கிறார்கள்” என்று நண்பர்கள் சிரிக்கும் படம் இதுதான். பேருந்தில் போனால் ஒரு வெட்டில் தீர்ந்துபோகும் தொலைவு அது. நடப்பவனுக்கோ அதுவே ஒரு பகல். அந்தப் பகலை நம்மையும் நடக்க வைக்கிறார் இயக்குநர். தாகத்துக்கு வேலு ஒரு கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொள்கிறான். வீடு சேர்ந்ததும் அதை எடுத்து ஓரிடத்தில் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே கற்கள் குவிந்து கிடக்கின்றன. படத்தை நிறுத்தி எண்ணிப் பார்த்தேன். ஒன்றன்மேல் ஒன்று கிடந்ததால் கணக்குப் பிடிபடவில்லை.