கோப்பை சென்னைக்கு... ஆனா ரக்பி ஆடி பிழைக்க முடியுமா?

2025 ஜூன் 29. மும்பை அந்தேரியில் நடந்த ரக்பி பிரீமியர் லீக் (ஆர்பிஎல்) முதல் சீசன் இறுதிப்போட்டியில், டெல்லி ரெட்ஸ் அணியை 41-0 என்று துவம்சம் செய்து கோப்பையைத் தூக்கியது சென்னை புல்ஸ். சிஎஸ்கே ஜெயித்தால் தி.நகர் முதல் அடையாறு வரை அதிரும். இந்தக் கோப்பைக்கு அந்தச் சத்தம் இல்லை. சீசனின் 34 போட்டிகளும் மும்பையிலேயே நடந்து முடிந்துவிட்டன. சரி, ரக்பியை நம்பி ஒரு இளைஞர் கரியர் அமைத்துக்கொள்ள முடியுமா?

ரக்பியில் சம்பளம் எப்போ வந்தது?

ரொம்ப லேட்டாகத்தான். வேலைக்கு லீவு போட்டு ஆட வரும் தொழிலாளிக்கு அன்றைய கூலியைக் கொடுக்கலாமா, கூடாதா? இந்தச் சண்டையில்தான் 1895-ல் இங்கிலாந்தின் வடபகுதி கிளப்கள் பிரிந்து போயின. அதுவே பின்னாளில் 'ரக்பி லீக்' என்ற தனி ஆட்டமானது. 'ரக்பி யூனியன்' பக்கம் சம்பளத்துக்கு கேட் திறந்தது 1995 ஆகஸ்டில். சரியாக 100 வருஷம்! இன்று பிரான்ஸ், இங்கிலாந்து, ஜப்பான் லீக்குகளில் சீசன் முழுக்க ஒப்பந்தம் போட்டு ஆடுகிறார்கள்.

இங்கே நிலைமை என்ன?

யூனியனின் முழு ஆட்டம் அணிக்கு 15 பேர், 80 நிமிடம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நுழைந்தது அதன் குட்டி வடிவமான 'செவன்ஸ்'. அணிக்கு 7 பேர், 14 நிமிடம். ஆர்பிஎல்லும் செவன்ஸ்தான். மொத்தம் 6 அணிகள், அணிக்கு 5 இந்தியர்கள். ஆக, நாடு முழுக்க 30 பேருக்குத்தான் இடம். லீக் நடந்ததோ 15 நாள்.

மீதி 350 நாள்? ராணுவம் மாதிரி ரக்பி அணி வைத்திருக்கும் இடத்தில் வேலை, இல்லைன்னா கோச்சிங், அதுவும் இல்லைன்னா சம்பந்தமே இல்லாத வேறொரு வேலை. 'விஸ்வரூபம்' வில்லன் ராகுல் போஸை நினைவிருக்கா? 1998-ல் இந்தியா முதன்முதலாக சர்வதேசப் போட்டியில் இறங்கியபோது அந்த அணியில் ஆடியவர். பின்னாளில் இந்திய ரக்பி சம்மேளனத் தலைவரும் ஆனார். அவருக்குமே தொழில் சினிமாதான்.

அப்போ லீக்கால் என்ன லாபம்?

கற்றுக்கொள்ளும் வாய்ப்பு. சென்னை புல்ஸின் கோச் பென் கோலிங்ஸ், 2022-ல் ஃபிஜி அணிக்கு செவன்ஸ் உலகக்கோப்பை வாங்கித் தந்தவர். அப்படிப்பட்டவரிடம் பயிற்சி, சர்வதேச வீரர்களோடு ஒரே டிரெஸ்ஸிங் ரூம் என்பதெல்லாம் இந்திய வீரர்களுக்குச் சுலபமாகக் கிடைக்காதவை.

ஆனால், உடம்போடு உடம்பு மோதும் ஆட்டம் இது. முட்டியோ தோள்பட்டையோ ஒருமுறை போனால் மாதக்கணக்கில் உட்கார வேண்டியதுதான். அந்த நாட்களில் ஆஸ்பத்திரி செலவையும் வீட்டு வாடகையையும் யார் கொடுப்பது? இதற்குப் பதில் கிடைக்கும் வரை, மயிலாப்பூரில் பந்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் பையனிடம் "டிகிரியை முடிச்சிடுப்பா" என்று வீட்டில் சொல்வதை யாரும் தப்பு சொல்ல முடியாது.