சாளரத்தின் வழியே கரையும் மின்சாரம்

சென்னையில் நாற்பது ஆண்டுகளுக்கு முன் என் தந்தை கட்டிய வீட்டின் மரச் சாளரங்களைக் கரையான் அரித்துவிட்டது. மேற்கு நோக்கிய அறையில் முதிய தாயார் இருக்கிறார். கோடையில் நள்ளிரவாகியும் அவ்வறையின் சூடு தணிவதில்லை. புதிய சட்டங்கள் வாங்கச் சென்ற இடங்களிலெல்லாம் விலையையும் நிறத்தையும் பற்றியே பேசினர். வெப்பத்தைப் பற்றிப் பேசியவர் எவருமில்லை.

ஐந்து நட்சத்திரக் குளிர்சாதனப் பெட்டியைத் தேடி வாங்கும் நாம், அது தரும் குளிர்ச்சி எவ்வழியே வெளியேறுகிறது என்று சிந்திப்பதில்லை. சாளரத்தில் வெப்பம் புகும் வழிகள் மூன்று: கண்ணாடியை ஊடுருவும் வெயில், சட்டத்தின் வழியே கடத்தப்படும் சூடு, இடுக்குகளில் நுழையும் காற்று.

அலுமினியத்தின் வெப்பக் கடத்துத்திறன் யுபிவிசி, மரம் ஆகியவற்றைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. சட்டமாக உருப்பெறும்போது இவ்வேறுபாடு இரண்டு, மூன்று மடங்காகக் குறைந்துவிடும் என்றாலும், அது புறக்கணிக்கத்தக்கதன்று. அலுமினியமே வேண்டுவோர், உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் பாலிஅமைடு பட்டையால் பிரித்த வகையைக் கேட்டு வாங்கலாம், விலை கூடும். யுபிவிசியைக் கரையான் அரிக்காது. ஆனால், அதனுள் வலுவூட்டும் எஃகு துத்தநாகப் பூச்சு பெற்றதா என்று கேட்பது கடலோர ஊர்களில் இன்றியமையாதது.

நகரும் கதவுகளைவிட, கீல் பொருத்திய கதவுகளே மேலானவை. மூடினால் ரப்பர் பட்டையில் அழுந்தி இடுக்கை அடைக்கும். திறந்தால் முழுச் சாளரமும் காற்றுக்கு வழிவிடும். நகரும் இரட்டைக் கதவில் பாதிதான் திறக்கும். சுவருக்கும் சட்டத்துக்கும் இடையிலான இடைவெளியைச் சரிவர அடைக்காவிடில், எத்தனை உயர்ந்த சட்டமும் பயன் தராது.

ஆயினும், சட்டத்தை மாற்றினால் போதும் என்று எண்ணுவது தவறு. குளிர்நாடுகளில் வீட்டின் சூடு வெளியேறாமல் காப்பதே கவலை. நமக்கோ வெயிலை உள்ளே விடாதிருப்பதே முதற்கவலை. மேற்கு வெயில் சாய்வாக விழுவதால் குறுகிய வெயில் தடுப்புப் பலகை அதைத் தடுக்காது. சாளரத்துக்கு வெளியே தொங்கும் மூங்கில் தட்டி, உள்ளே தொங்கும் திரையைவிட மிகுந்த பயன் தரும். கண்ணாடியைத் தொடுமுன்பே வெயில் தடுக்கப்படுகிறதல்லவா?

புதிய குடியிருப்புகளுக்கென மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' விதித்தொகுப்பு, சுவர்கள், சாளரங்கள் வழியே புகும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என வரம்பு வகுத்துள்ளது. பழைய வீட்டில் சாளரம் மாற்றுவோருக்கு வழிகாட்ட யார் இருக்கிறார்கள்? விற்பனையாளர் தரும் விலைப்பட்டியலில் வெப்ப அளவீடுகளையும் குறிப்பிட வேண்டும் என்பதை அரசு கட்டாயமாக்குவது நல்லது.

நாங்கள் தாயாரின் அறைக்கு மட்டும் கீல் கதவுடைய யுபிவிசி சாளரமும் வெளியே மூங்கில் தட்டியும் அமைக்க முடிவு செய்தோம். கூடத்தில் கரையான் தொடாத தேக்குச் சட்டங்களை அகற்றவில்லை. இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டினோம். உறுதியான மரத்தைக் குப்பையில் எறிவது சிக்கனமாகாது.