முரசின் பழைய ஒலி: ஒரு நாளேடும் அதன் மின்னிலக்கக் காப்பகமும்

நாளேட்டின் ஆயுள் ஒரு நாள் என்பார்கள். காலையில் அது செய்தி. மாலையில் கச்சாங் பூத்தே சுருட்டும் தாள். ஆனால் ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின் அதே தாள் வரலாற்றுச் சான்றாகிவிடுகிறது. சிங்கப்பூரின் ‘தமிழ் முரசு’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த ஏட்டின் கதையையும், அதன் பழைய பக்கங்கள் கணினித் திரைக்கு வந்து சேரும் வழியையும் இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண்போம்.

திருவாரூரில் பிறந்த கோ. சாரங்கபாணி 1924இல் சிங்கப்பூருக்கு வந்தார். அவர் முன்னின்று உழைத்த தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் ஏடாகத் தமிழ் முரசு 1935ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் பிறந்தது. முதலில் வார ஏடு. விலை ஒரு காசு. பின்னர் சாரங்கபாணியே அதை ஏற்று நடத்த, நாளேடாக வளர்ந்தது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் நின்று, போருக்குப் பின் மீண்டும் ஒலித்தது. 1963இல் ஊழியர் வேலைநிறுத்தத்தால் மறுபடியும் தடைப்பட்டது. சாரங்கபாணி 1974இல் மறைந்தார். 1995இல் ஏடு சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது.

மலேசிய மாணவர்களாகிய நமக்கும் இந்த ஏட்டுக்கும் என்ன தொடர்பு? நெருங்கிய தொடர்பு உண்டு. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கே இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரவேண்டும் என்ற கருத்து வலுவாக முன்வைக்கப்பட்டது. தமிழுக்கே முதலிடம் என்று தமிழ் முரசு போராடியது. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டியது. சாதாரண மக்கள் கொடுத்த சிறு தொகைகள் தமிழ் நூல்களாகிப் பல்கலைக்கழக நூலகத்துக்குச் சென்றன. 1956இல் துறை தொடங்கியது. பின்னர் கோலாலம்பூருக்கு வந்தது. இன்று பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கும் ஒவ்வொருவரும் அந்த மக்களுக்குக் கடன்பட்டவர்களே. அந்தக் கடன் எப்படி ஏற்பட்டது என்பதை நாளுக்கு நாள் பதிவு செய்தவை அன்றைய ஏட்டின் பக்கங்கள்.

அப்பக்கங்கள் இன்று எப்படி நமக்குக் கிடைக்கின்றன? செய்தித்தாள் மலிவான மரக்கூழில் செய்யப்படுவது. அதிலுள்ள லிக்னினும் அமிலமும் தாளை மஞ்சளாக்கி, நாளடைவில் நொறுக்கிவிடும். ஆகவே நூலகங்கள் முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து நுண்படச் சுருளில் சேமித்தன. குளிர்ச்சியான, ஈரமில்லாத அறையில் வைத்தால் சுருள் பல தலைமுறைகள் தாங்கும். அடுத்த படியாக அச்சுருளை வருடிப் படக்கோப்புகளாக மாற்றுகிறார்கள். தேதி, பக்க எண், தலைப்பு ஆகியவற்றைக் குறித்து அட்டவணைப்படுத்துகிறார்கள். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் ‘நியூஸ்பேப்பர் எஸ்ஜி’ இவ்வாறு உருவான காப்பகம். 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் அதில் உண்டு; தமிழ் முரசும் உண்டு. சில இதழ்களை வீட்டிலிருந்தே படிக்கலாம்; சிலவற்றை நூலகக் கணினியில் மட்டுமே பார்க்க முடியும்.

படத்தைப் பார்ப்பது ஒன்று; அதிலுள்ள சொல்லைத் தேடுவது வேறொன்று. தேடுவதற்கு எழுத்துணரி மென்பொருள் படத்தை எழுத்தாக மாற்றித் தரவேண்டும். தமிழுக்கு இது எளிதன்று. பழைய அச்சில் ‘லை’, ‘னை’ போன்றவற்றுக்கு யானைத் துதிக்கை போன்ற கொம்பு இருந்தது; ‘ணா’, ‘றா’, ‘னா’ வேறு வடிவில் இருந்தன. மங்கிய மையில் புள்ளி மறைந்தால் ‘க்’ ‘க’ ஆகிவிடும். நம் மொழியில் வேற்றுமை உருபும் சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. ‘பல்கலைக்கழகம்’ என்று தேடினால் ‘பல்கலைக்கழகத்தில்’ அகப்படாமல் போகலாம்.

பழைய ஏடுகளில் தேடும் நண்பர்களுக்கு மூன்று வழிகளைச் சொல்வேன். முதலாவது, அக்காலச் சொல்லைக் கொண்டு தேடுங்கள். பல்கலைக்கழகத்தைச் ‘சர்வகலாசாலை’ என்று எழுதிய காலமும் உண்டு. இரண்டாவது, சொல் கிடைக்காவிட்டால் தேதியைப் பிடியுங்கள். ஆங்கில ஏட்டில் நிகழ்ச்சியின் நாளைக் கண்டுபிடித்து, அதே வாரத்துத் தமிழ் ஏட்டைப் புரட்டுங்கள். ஒரே செய்தியை இரண்டு ஏடுகளும் எப்படிப் பார்த்தன என்பதும் அப்போது விளங்கும். மூன்றாவது, விளம்பரங்களையும் வாசகர் கடிதங்களையும் விட்டுவிடாதீர்கள். பாடநூலில் வராத மக்கள் வாழ்க்கை அங்கேதான் இருக்கிறது. தமிழ்ப்பள்ளிக்குப் பிறகு தேசியப் பள்ளியில் படித்த எனக்குத் தொடக்கத்தில் அப்பக்கங்களைப் படிப்பது மெதுவாகத்தான் இருந்தது. பத்து இதழ்கள் கடந்ததும் கண் பழகிவிட்டது.

நம் நாட்டுப் பக்கம் திரும்புவோம். 1924இல் கோலாலம்பூரில் தோன்றிய ‘தமிழ் நேசன்’ 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் முதல் நின்றுபோனது. ஏறத்தாழ 95 ஆண்டுக் கால வாழ்வு! ஓர் ஏடு நின்றால் நாளைய செய்தி மட்டும் நிற்பதில்லை. அலுவலக அலமாரி, ஒளிப்படங்கள், கட்டி வைத்த பழைய பிரதிகள் ஆகியவற்றைக் காக்கும் கைகளும் இல்லாமல் போகக்கூடும். பதிப்பாளர்கள் தேசிய நூலகத்துக்குப் பிரதி ஒப்படைக்க வேண்டும் என்று நம் நாட்டின் 1986ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அதற்கு முந்தைய இதழ்களைப் பொறுத்தவரை, தனியார் வீடுகளில் உள்ள ஒவ்வொரு பிரதியும் மதிப்புடையது.

ஆகவே, தாத்தா பாட்டி பெட்டியில் பழைய ஏடு இருந்தால் பழைய தாள்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மடிப்பை மெல்லப் பிரித்து, ஒட்டும் நாடா எதையும் ஒட்டாமல், தட்டையாக உலர்ந்த இடத்தில் வையுங்கள். தேதியும் பக்க எண்ணும் தெரியும்படி முழுப்பக்கத்தையும் படமெடுங்கள். வேண்டிய செய்தியை மட்டும் வெட்டி எடுத்தால் அதன் பின்புறச் செய்தி போய்விடும். பிறகு நூலகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ தெரியப்படுத்துங்கள். நமது தமிழ்க் கழகமும் ஆண்டுக்கு ஒரு விடுமுறையை இப்பணிக்கு ஒதுக்கலாம். அன்று காசு சேர்த்து நமக்கு நூல்கள் வாங்கித் தந்தவர்களுக்கு, அவர்களுடைய செய்தியையாவது நாம் காத்துத் தருவோம்.