பாவம் வேறு, நோய் வேறு: இளைஞர்களின் மறைவான கவலைகள்



இங்கு எடுத்துக்கொள்ளப்படும் விடயம் மிம்பர்களில் அரிதாகவே பேசப்படுவது. பேசுவதற்கு வெட்கப்படுவது இயல்பே. நபி (ஸல்) அவர்களின் மருமகனாகிய அலீ (ரழி) அவர்களும் வெட்கப்பட்டார்கள். இச்சையின்போது வெளிப்படும் மெல்லிய நீரான ‘மதீ’ அவர்களுக்கு அதிகமாக வெளிவந்து கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் குளித்துக் குளித்து முதுகின் தோல் வெடிக்கும் அளவுக்கு அவர்கள் சிரமப்பட்டதாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. நபியவர்களின் மகளே தம் மனைவியாக இருந்தமையால் நேரில் கேட்க நாணி, மிக்தாத் (ரழி) அவர்கள் மூலம் கேட்டறிந்தார்கள். உறுப்பைக் கழுவி வுழூச் செய்தால் போதும் என்பதே கிடைத்த பதில். கேட்காதிருந்த காலமெல்லாம் தேவையற்ற சிரமம். கேட்டவுடன் இலேசான தீர்வு. நமது இளைஞர்களின் நிலையும் பெரும்பாலும் இதுவே.

நம் சமூகத்தில் சுய இன்பப் பழக்கத்தைப் பற்றிய பேச்சில் இரண்டு விடயங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ஒன்று மார்க்கத் தீர்ப்பு. மற்றையது உடல்நலம் பற்றிய அச்சம். இவற்றைப் பிரித்து நோக்குவது அவசியமாகும்.

மார்க்கத் தீர்ப்பு தெளிவானது. நம் நாட்டில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி இது ஹராம். ஸூரத்துல் முஃமினூனின் 5 முதல் 7 வரையிலான வசனங்களை இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் இதற்கு ஆதாரமாகக் கொண்டார்கள். விபசாரத்தில் விழுந்துவிடும் அச்சமுள்ளவருக்கு ஹனபீ, ஹன்பலீ அறிஞர்கள் சிலர் சலுகை அளித்துள்ளனர். இப்னு ஹஸ்ம் அவர்களோ இதனை மக்ரூஹ் என்ற அளவில் நிறுத்தினார்கள். சலுகை தேடி மத்ஹபு மாறுவதற்காக இதனைக் குறிப்பிடவில்லை. இது கபுறு வரை மன்னிக்கப்படாத குற்றம் என்று எண்ணி ஒரு வாலிபன் தொழுகையையே கைவிடலாகாது என்பதற்காகவே குறிப்பிடுகின்றோம். கையால் இன்பம் பெறுபவன் சபிக்கப்பட்டவன் என்று பயான்களில் கூறப்படும் செய்தி அடிப்படையற்றது என முல்லா அலீ காரீ போன்ற ஹதீஸ்கலை அறிஞர்கள் தீர்ப்பளித்துள்ளனர். பாவத்தைத் தடுப்பதற்கு ஆதாரமற்ற செய்தி தேவையில்லை.

இனி, உடல்நலம் பற்றிய அச்சத்துக்கு வருவோம். ஒரு துளி விந்து பல துளி இரத்தத்துக்குச் சமம், அது கழிந்தால் கண்பார்வை மங்கும், நரம்பு தளரும், திருமணத்துக்குத் தகுதியற்றுப் போவான் என்பன நம் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகப் பேசப்படுபவை. இவற்றைக் குர்ஆனோ ஸஹீஹான ஹதீஸ்களோ கூறவில்லை. இந்தியத் துணைக்கண்டத்தின் பழைய வைத்திய நம்பிக்கையிலிருந்து வந்தது ஒரு பகுதி. ஐரோப்பாவிலும் 1760ஆம் ஆண்டு தீசோ என்ற சுவிட்சர்லாந்து வைத்தியர் எழுதிய நூல் இதே பீதியைப் பரப்பியது. பிற்கால மருத்துவம் அதனைக் கைவிட்டுவிட்டது. நாமோ இன்னும் சுமந்துகொண்டிருக்கின்றோம்.

உண்மை யாதெனில், விந்து இரத்தத்திலிருந்து வடிப்பதன்று. அதன் பெரும்பகுதி உள்ளே அமைந்த சுரப்பிகளின் நீர். உடல் அதனை நாள்தோறும் உற்பத்தி செய்கின்றது. வெளியேறுவதனால் பார்வையோ ஆண்மையோ குன்றுவதில்லை. இலங்கையில் விந்து இழப்பு பற்றிய அச்சத்தால் அவதியுறுவோரைக் குறித்து 1989ஆம் ஆண்டிலேயே மருத்துவ ஆய்வொன்று வெளிவந்துள்ளது. களைப்பு, மனச்சோர்வு, உறுப்பின் பலவீனம் என்று இவர்கள் முறையிடுபவை பொய்யல்ல. ஆனால் அவற்றுக்குக் காரணம் பெரும்பாலும் அச்சமும் கவலையுமே. ‘ஆண்மைக் குறைவு’ விளம்பரங்களின் வியாபாரமும் இந்த அச்சத்தின் மீதே நடைபெறுகின்றது.

சிறுநீருடன் வெண்மையாக ஏதோ வருகின்றது, ‘தாது கழிகின்றது’ என்று அஞ்சும் இளைஞன் பிக்ஹு நூலைத் திறந்து பார்க்கட்டும். மனீ, மதீ, வதீ என மூன்றும் அங்கே பிரித்து விளக்கப்பட்டுள்ளன. வதீ என்பது சிறுநீருக்குப் பின்போ பாரம் தூக்கும்போதோ வரும் கலங்கலான நீர். அதற்குச் சட்டம் கழுவுதலும் வுழூவும் மாத்திரமே. சிறுநீரிலுள்ள உப்புக்களாலும் அது சில வேளைகளில் கலங்கித் தோன்றும் என்கிறது மருத்துவம். எனினும் எரிவோ சீழோ இரத்தமோ காணப்பட்டால் அது வேறு விடயம். தாமதியாமல் வைத்தியரை நாடவேண்டும்.

உறக்கத்தில் நிகழும் இஹ்திலாம் பாவமே அன்று. உறங்குபவர் மீது குற்றம் எழுதப்படுவதில்லை. ரமழான் பகலில் நிகழ்ந்தாலும் நோன்பு முறியாது. குளித்துவிட்டுத் தொழவேண்டும். கனவு நினைவிருந்து ஈரம் இல்லையெனில் குளிப்பு இல்லை; மனீயின் ஈரம் இருந்து கனவு நினைவில்லையெனினும் குளிப்பு கடமை. கையால் வேண்டுமென்றே வெளிப்படுத்தினால் நோன்பு முறியும், கழாச் செய்தல் கடமையாகும். ஆயினும் உடலுறவுக்குரிய குற்றப்பரிகாரம் இதற்கில்லை. இவற்றை அறியாததனால், கூட்டுக் குடும்பத்தில் விடியற்காலையில் குளிக்க வெட்கி ஸுபஹைக் கழாவாக்கும் பிள்ளைகள் இருக்கின்றனர். பாவமற்ற ஒன்றுக்காகப் பர்ழு தவறிப்போகின்றது!

பழக்கத்திலிருந்து மீள விரும்புவோருக்கு நபி (ஸல்) அவர்கள் இளைஞர்களை நோக்கிக் கூறிய வழி, வசதியுள்ளவர் மணமுடிப்பதும் இயலாதவர் நோன்பு நோற்பதுமாகும். இன்றைய நிலையில் கையடக்கத் தொலைபேசியைப் படுக்கையறைக்கு எடுத்துச் செல்லாதிருப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். மீண்டும் தவறினால் மீண்டும் தவ்பா. ஒருமுறை தவறியதும் எல்லாம் போயிற்று என்று நினைப்பதே ஷைத்தானுக்குப் பெரிய வாசல்.

பெற்றோர்களே, உங்கள் வெட்கத்தினால் விளையக்கூடிய ஓர் ஆபத்தைக் கட்டாயம் அறிந்துகொள்ளுங்கள். பருவ வயதுப் பையனின் விதைப்பையில் திடீரெனக் கடும் வலி ஏற்பட்டால், விதை முறுகிக்கொண்டிருக்கக் கூடும். சுமார் 6 மணித்தியாலங்களுக்குள் சத்திரசிகிச்சை செய்யாவிடில் அந்த விதையை இழக்க நேரலாம். தான் செய்த பாவத்தின் தண்டனை என்றெண்ணி இரவு முழுதும் போர்வைக்குள் துடிக்கும் பிள்ளை காலையில் சொன்னால் காலம் கடந்திருக்கும். அவ்வாறே, விதையில் வலியற்ற கட்டி தென்பட்டாலும் மறைக்காமல் காட்டவேண்டும். தொற்று பற்றிய ஐயமிருந்தால் அரசாங்க வைத்தியசாலைகளின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசமாகவும் இரகசியமாகவும் பரிசோதிக்கலாம்.

வாப்பாமார் மகனுக்குத் தொழக் கற்றுக்கொடுக்கும்போதே கடமையான குளிப்பையும் கற்றுக்கொடுக்கட்டும். மகனுக்குப் 11, 12 வயதாகும்போது, ஜும்ஆவுக்கு நடந்துபோகும் வழியில், “இப்படி ஒன்று உனக்கும் வரும் மகன், பயப்படாதே, எனக்கும் வந்தது, குளித்துவிட்டுத் தொழு” என்று சொல்ல ஐந்து நிமிடம் போதும்.