'கெஸ்ட்ரைடிஸ்' என்று எழுதுவதற்கு முன்

உடப்புசல்லாவையைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வெளிநோயாளர் பிரிவுக்கு வரும் கொழுந்து பறிக்கும் பெண், பாடநூலில் உள்ளபடி "நடு நெஞ்சில் அழுத்தும் வலி இடது கைக்குப் பரவுகிறது" என்று சொல்வதில்லை. "நெஞ்சு கரிக்குது", "மேல்மூச்சு வாங்குது", "தோள்பட்டை கடுக்குது", "ஒடம்பெல்லாம் அசதியா கெடக்கு" என்பார். கொப்பியில் 'கெஸ்ட்ரைடிஸ்' என்று ஒரு சொல் ஏறும். அமிலத்தைக் குறைக்கும் குளிசை கிடைக்கும். அவர் மறுநாள் மலைக்குப் போவார். பல தடவை அது சரியான முடிவாகவே இருக்கும். சரியில்லாத அந்த ஒரு தடவைக்காகத்தான் இந்தக் கட்டுரை. எக்கோவும் அஞ்சியோகிராமும் இல்லாததால்தான் மலையகத்தில் இதயநோய் தவறவிடப்படுகிறது என்று சொல்வது பாதி உண்மை. அந்தக் கருவிகள் வரை நோயாளி போவதா வேண்டாமா என்பதை முதலில் கேட்கப்படும் இரண்டு கேள்விகளே தீர்மானிக்கின்றன. மருத்துவ மாணவர் கற்க வேண்டிய முதல் திறமை அந்தக் கேள்விகள்.

நகரத்தில் இதயத்தை ஓடும் பட்டையில் ஏற்றிச் சோதிக்கிறார்கள். தோட்டத்தில் லயத்திலிருந்து மலைக்குப் போகும் பாதையே அந்தச் சோதனை. முடியுரு நாடி சுருங்கியிருந்தால், இருக்கையில் போதுமான குருதி, ஏறுகையில் போதாமல் போகிறது; நின்றால் சில நிமிடங்களில் வலி தணிகிறது. ஆகவே "மூச்சு வாங்குதா?" என்று மட்டும் கேட்பது வீண். மலை ஏறுகிற எல்லாருக்கும் மூச்சு வாங்கும். "மலைக்குப் போய்ச் சேர எத்தனை இடத்தில நிக்கிறீங்கம்மா? போன தீபாவளி சமயத்தில எத்தனை இடத்தில நின்னீங்க?" என்று கேட்டால், அதே பாதை, அதே ஆள், இரண்டு காலம் என்று ஒப்பிட முடிகிறது. இந்த ஒப்பீட்டில் மாற்றம் தெரிந்தால் அது நோய்க்குறி. தோள்பட்டை வலி இன்னும் சிக்கலானது. கூடையின் பாரம் தலையிலும் கழுத்திலும் தொங்குவதால் அங்கே வலிப்பது இயல்பு என்று எல்லாரும், நோயாளி உட்பட, நம்பிவிடுகிறார்கள். பாரமும் ஏற்றமும் சேர்ந்தே வருவதால் எது காரணம் என்று பிரிக்க முடிவதில்லை. பிரிக்க ஒரு வழி உண்டு: காலையில் வெறுங்கூடையோடு ஏறும்போது வருகிறதா என்று கேளுங்கள். கழுத்தைத் திருப்பும்போதும் தசையை அழுத்தும்போதும் வரும் வலி பெரும்பாலும் தசைக்குரியது; வெறுங்கூடையோடு ஏறும்போது வந்து, நின்றதும் தணிகிற வலி இதயத்துடையது என்றே முதலில் கருத வேண்டும்.

பெண்களிலும் முதியவர்களிலும் நீரிழிவு உள்ளவர்களிலும் மாரடைப்பு வலியில்லாமல் மூச்சுத்திணறலாகவோ, வாந்தியாகவோ, திடீர் வியர்வையாகவோ, மேல்வயிற்று எரிவாகவோ வரலாம். குளிசையிலோ சோடாவிலோ எரிவு தணிந்தது என்பது இதயம் நலமாக இருப்பதற்குச் சான்றாகாது. சந்தேகம் எழுந்தால், வந்து 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் நோயாளியை அனுப்பிவிடக் கூடாது. அறிகுறி தொடர்ந்தால் 15 முதல் 30 நிமிடத்தில் மறுபடி எடுக்க வேண்டும், டிரோபொனின் பார்க்க வேண்டும். எஸ்.டி. உயர்வுள்ள மாரடைப்பில் 120 நிமிடத்துக்குள் நாடியைத் திறக்கும் வசதியுள்ள இடத்துக்குப் போக முடியாவிட்டால், கட்டியைக் கரைக்கும் ஊசியைத் தாமதமின்றிப் போட வேண்டும் என்பது பொது விதி. உடப்புசல்லாவையிலிருந்து இராகலை, கந்தப்பளை வழியாக நுவரெலியா சென்று, பிறகு கண்டிக்கு இறங்குகிற பாதையை அறிந்தவருக்கு அந்த 120 நிமிடம் எவ்வளவு சின்னது என்று சொல்லத் தேவையில்லை. ஊசிக்கு முன் இரண்டு கைகளிலும் பிரஷர் பார்ப்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது. முதுகைக் கிழிப்பது போன்ற வலியும் கைகளுக்கிடையே 20 மி.மீ.க்கு மேல் வித்தியாசமும் இருந்தால் அது பெருநாடிச் சுவர் கிழிவாக இருக்கலாம். அங்கே அந்த ஊசி உயிரை எடுக்கும்.

"நாள் முழுக்க மலை ஏறி இறங்கி உழைக்கிற மெலிந்த உடம்புக்கு மாரடைப்பா?" என்பது படித்தவர்களும் கேட்கிற கேள்வி. இதற்கு ஆய்வுகளில் பதில் இருக்கிறது. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்பின் ஆபத்தில் சுமார் 90 வீதத்தைப் புகையிலை, உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, கொழுப்பு முதலான ஒன்பது காரணிகளால் விளக்கியது. இலங்கையும் இடம்பெற்ற அதன் தென்னாசியப் பகுதியில் முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது. மற்ற நாடுகளில் அது ஏறத்தாழ 59. அதே ஆய்வின் தரவுகளில், மிதமான உழைப்பும் ஓய்வுநேர உடற்பயிற்சியும் காத்தன. கடும் உடலுழைப்பு அப்படிக் காக்கவில்லை. மென்று துப்பும் புகையிலை ஆபத்தை இரு மடங்குக்குச் சற்று மேல் உயர்த்தியது. "சிகரட் பிடிப்பீங்களா?" என்று கேட்டு "இல்லை" என்று எழுதும் மாணவர், வெற்றிலைப் பையைப் பற்றிக் கேட்க மறந்தால் பெண்களின் புகையிலைப் பழக்கம் முழுவதும் கணக்கிலிருந்து தப்பிவிடும்.

இரண்டாவது மறுப்பு நியாயமானது. ஒரு காலையில் வரிசையில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால், எரிவு என்கிற ஒவ்வொருவருக்கும் ஈ.சி.ஜி. எடுக்க முடியுமா? முடியாது, தேவையுமில்லை. ஏற்றத்தைப் பற்றிய கேள்விக்கும் வெறுங்கூடைக் கேள்விக்கும் அரை நிமிடம் போதும்; யாருக்கு எடுக்க வேண்டும் என்று அவையே சலித்துத் தரும். நேரமில்லை என்ற வாதம் கேள்வி கேட்காமல் இருப்பதற்கான அனுமதி ஆகாது.

இளையவர்களில் வேறொரு நோய் ஒளிந்திருக்கிறது. நெருக்கமாக வாழும் வீடுகளில் தொண்டைத் தொற்று எளிதில் பரவும். ஒரே காம்பராவில் பலர் உறங்கும் லயம் அதற்கு ஏற்ற இடம். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தொண்டை நோவுக்குச் சில வாரங்களுக்குப் பின் வரும் மூட்டுவாதக் காய்ச்சல், மூட்டுகளை விட்டுவிட்டாலும் வால்வுகளை விடாமல் பற்றக்கூடும். மூட்டுக்கு மூட்டு மாறும் வலியோடு காய்ச்சலில் வரும் பள்ளிப் பிள்ளைக்கு வலிமருந்து மட்டும் கொடுத்து அனுப்புவது பெருந்தவறு. பத்து, பதினைந்து ஆண்டு கழித்து அந்தப் பிள்ளை கர்ப்பிணியாக வரும்போது குருதியின் கனவளவு 40 முதல் 50 வீதம் கூடுகிறது. சுருங்கிய மைட்ரல் வால்வு அதைத் தாங்காது. அப்போது வரும் மூச்சுத்திணறலை "இரத்தம் குறைவு", "மாசமா இருந்தா அப்படித்தான்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். படுக்கவே முடியவில்லை, இரவில் எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது என்று ஒரு தாய் சொன்னால், இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, ஸ்டெதஸ்கோப்பின் மணிப்பக்கத்தை இதய நுனியில் மெல்ல வைத்துக் கேளுங்கள். உரத்த முதலாம் ஒலியும் தாழ்ந்த உருளல் ஓசையும் அங்கேதான் கேட்கும். அவசரத்தில் நிமிர்ந்து உட்காரவைத்துக் கேட்டால் கேட்காது. எக்கோ வந்த பிறகு இதெல்லாம் பழைய வித்தை என்பவர்கள் உண்டு. எக்கோவுக்கு அனுப்ப வேண்டியவர் யார் என்று அந்தக் காதுதான் சொல்கிறது.

குருதிக்குழாய்களைப் பொறுத்தவரை மலையகக் குளிர் இரண்டு விதமாக ஏமாற்றும். பிரஷர் பட்டையை ஸ்வெட்டருக்கு மேல் சுற்றுவதும், கையை இறுக்கிச் சுருட்டிவிட்டுச் சுற்றுவதும் தவறான எண்ணைத் தரும். ஏறி வந்தவரை ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரவிட்டு, கையை இதய மட்டத்தில் வைத்து, இரண்டு தடவை எடுக்க வேண்டும். அடுத்தது, எல்லாருக்கும் பாதம் சில்லென்றுதான் இருக்கும். எனவே இரண்டு காலையும் ஒப்பிடாமல் எதுவும் சொல்ல முடியாது. ஏறும்போது கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விடுகிறது என்றால் காலணியைக் கழற்றிப் புறங்காலிலும் உட்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கால் திடீரென வெளுத்து, மரத்து, நாடியற்றுப் போனால் சுமார் ஆறு மணித்தியாலமே அவகாசம். எண்ணெய் தடவிப் பார்க்க அதில் நேரமில்லை. ஒரு கெண்டைக்கால் மட்டும் மற்றதைவிட 3 செ.மீ.க்கு மேல் வீங்கியிருந்தால் நாளத்தில் கட்டி இருக்கலாம்.

கிளினிக்குக்கு ஒழுங்காக வருவதில்லை, இவர்களுக்கு அக்கறையில்லை என்ற குற்றச்சாட்டும் அடிக்கடி கேட்பது. கிளினிக் நாள் என்றால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிறது. மூட்டுவாதக் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கொரு பென்சிலின் ஊசி. இதயம் பாதிக்கப்படாவிட்டாலும் குறைந்தது ஐந்து ஆண்டு அல்லது 21 வயது வரை, வால்வு கெட்டிருந்தால் 40 வயது வரைகூட. ஒவ்வொரு ஊசிக்கும் தாயோ தகப்பனோ ஒரு நாள் சம்பளத்தை இழக்கும் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு அக்கறையைப் பற்றிப் பேசுவது நேர்மையல்ல. தோட்ட மக்களுக்கு மருத்துவ வசதி செய்துதரும் கடமையை 1912ஆம் ஆண்டின் சட்டம் தோட்ட உரிமையாளர்மேல் சுமத்தியது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் வேலை இன்னும் முழுமை பெறவில்லை. இந்த இடைவெளியில் நோயாளியின் கையில் இருக்கும் உரிமைகளையாவது அவர் அறிந்திருக்க வேண்டும். அரச வைத்தியசாலையில் ஈ.சி.ஜி.யும் கரைக்கும் ஊசியும் இலவசம். பழைய ஈ.சி.ஜி.யின் பிரதியைக் கேட்டு வாங்கிக் கிளினிக் கொப்பியோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வைத்தியருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. அது மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். நெஞ்சு இறுகி வியர்த்தால் லொறியையோ முச்சக்கர வண்டியையோ தேடி அலையாமல் 1990ஐ அழையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இப்போது நாடு முழுவதும் ஓடுகிறது. அதற்குக் கட்டணம் இல்லை.