கோல் ஒருவருடையது, கை ஒருவருடையது

பிரான்ஸின் தென்கோடியில், நீஸ் நகருக்கு அருகே, ஆலிவ் மரங்கள் நிறைந்த ஒரு தோட்டம். 1914-ஆம் வருஷம். சக்கர நாற்காலியில் எழுபது வயது தாண்டிய கிழவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். சற்றுத் தள்ளி ஓர் இளைஞர் களிமண்ணை அப்பி அப்பி ஒரு பெண் உருவத்தைச் சமைக்கிறார். கிழவர் கோலை நீட்டி இடுப்பைச் சுட்டுகிறார். இளைஞரின் கட்டைவிரல் அங்கே போகிறது. கோல் தோளுக்கு ஏறினால் விரலும் ஏறுகிறது.

கிழவர், உலகப் புகழ் பெற்ற சித்திரக்காரர் அகுஸ்த் ரெனுவார். கீல்வாதம் அவர் விரல்களை முடக்கிப் போட்டிருந்தது. தூரிகையைக் கையில் யாராவது கொடுத்தால் படம் வரைவார். களிமண்ணைப் பிசைய முடியுமா? "ஆள் வைத்துச் செய்யுங்களேன்" என்று 1913-ல் யோசனை சொன்னவர் வோலார் என்ற படவியாபாரி. வந்தவர் ரிஷார் கீனோ. ஸ்பெயின்காரர், சிற்பி மையோலிடம் வேலை பார்த்தவர். வயது இருபத்து மூன்று.

கோலின் அதிகாரமெல்லாம் களிமண் ஈரமாக இருக்கும் வரையில்தான். பிறகு அதன்மேல் பிளாஸ்டரைப் பூசி அச்சு எடுக்க வேண்டும். கை ஒடிந்தால் மாவுக்கட்டுப் போடுகிறார்களே, அதே வெள்ளை மாவுதான்! தண்ணீரில் குழைத்தால் அரை மணிக்குள் சூடேறிக் கல்லாகிவிடும். உள்ளேயிருக்கும் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழிவில் மறுபடி பிளாஸ்டரை வார்த்து, மேல் அச்சை உளியால் பார்த்துப் பார்த்து உடைப்பார்கள். வெள்ளை வெளேரென்று உருவம் வெளிவரும். அப்புறம் "இடுப்பு சற்றுப் பெருத்துவிட்டதே" என்றால் அரத்தால் கொஞ்சம் ராவலாம், அவ்வளவுதான். வெண்கலச் சிலை அந்தப் பிளாஸ்டரைப் பார்த்துத்தான் பிறக்கிறது.

இப்படித்தான் கையில் ஆப்பிள் பழத்துடன் நிற்கும் வீனஸ் உருவானாள். துணி துவைக்கும் பெண்ணும் உருவானாள். 1918 வரை இந்தக் கூட்டு நடந்தது. மறு வருஷம் ரெனுவார் காலமானார். சிலைகள் ரெனுவார் சிலைகளாகவே விலை போயின. கீனோவின் பெயரை யார் கேட்டார்கள்?

1965-ல் வழக்கு எழுந்தது. சிலையைச் செய்தது, நினைத்த மூளையா, பிசைந்த விரலா? ரெனுவார் பக்கத்திலேயே இல்லாதபோதும் கீனோ சில உருவங்களைச் செய்திருக்கிறார் என்பது விசாரணையில் முக்கியமாக அடிபட்டது. கோல் எட்டாத தூரத்திலும் கை வேலை செய்திருக்கிறதே! 1971-ல் பாரிஸ் நீதிமன்றம் கீனோவையும் சிற்பங்களின் கர்த்தா என்று ஒப்புக்கொண்டது. மேல் முறையீடுகள் முடிந்து, நாட்டின் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது 1973 நவம்பரில்.

கீனோ அந்த வருஷம் பிப்ரவரியிலேயே இறந்து போயிருந்தார்.