கட்டடத் தொழிற்பயிற்சியைத் தேர்ந்துகொள்ளல்

சுவரின்றிச் சித்திரம் எழுதவியலாது என்பர். ஆயின், அச்சுவரை எழுப்பும் கையை நம் சமுதாயம் நெடுங்காலமாகத் தாழ்வாகவே மதித்து வந்துள்ளது. ஏட்டுக் கல்வியிற் பின்தங்கியோனுக்கே கட்டடத் தொழில் உரியது என்னும் எண்ணம் பெற்றோரிடத்தும் ஆசிரியராகிய எம்மிடத்தும் இன்னும் நிலவுகின்றது. இதனால் விளையும் கேடு யாதெனின், பாடசாலையை விட்டு நீங்கும் மாணவன் இத்தொழிலைத் தேர்ந்து செல்வதில்லை. வேறு வழியின்றி அதனுட் சென்று வீழ்கின்றான்.

அவ்வாறு புகுந்தோன் பிறர் செய்யக் கண்டவாறே செய்வான். முறையாகப் பயின்றோன் காரணமறிந்து செய்வான். கொங்கிறீற்றை எடுத்துக்கொள்வோம். சீமெந்து காய்ந்து இறுகுவதன்று. நீருடன் இரசாயனத் தாக்கம் புரிந்தே இறுகுகின்றது. எனவே, கலப்பதற்கு இலகுவாகும் பொருட்டு நீரை மிகையாகச் சேர்ப்பினும் வலிமை குன்றும். இட்டபின் ஈரம் காவாது வெயிலில் உலரவிடினும் வலிமை குன்றும். கொங்கிறீற்றின் வலிமையை 28ஆம் நாளில் அளவிடும் வழக்கும் இத்தாக்கம் மெல்ல நிகழ்வதனாலேயே எழுந்தது. இவ்வறிவில்லாதான் இடும் கூரைத்தட்டு அதன்கீழ் வாழ்வோரின் உயிருக்கே ஊறு செய்யக்கூடும்.

இனி, பயிற்சியைத் தேர்வது எங்ஙனம்? முதலில் மாணவன் தன் இயல்பை நோக்குதல் வேண்டும். மேசனுக்குப் பொறுமையும், தச்சனுக்கு நுண்ணிய அளவிற் கண்ணும், மின்னிணைப்பாளனுக்குக் கணிதமும் விதிக்கு அமையும் ஒழுக்கமும் இன்றியமையாதன. குழாய் பொருத்துவோன், சுவருள் மறையும் வேலையை மறைக்குமுன் சோதித்தறியும் நேர்மையுடையனாதல் வேண்டும். வரைதலில் விருப்புடையோன் படவரைஞனாகலாம்.

அடுத்து, நிறுவனத்தை ஆராய்க. இலங்கையில் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்நிறுவனம் பதிவுபெற்றதா, சேரவிருக்கும் கற்கைநெறி அங்கீகாரம் பெற்றதா என்பன இருவேறு வினாக்கள். இரண்டையும் வினாவுதல் நன்று. அழகிய தாளில் அச்சிட்ட சான்றிதழெல்லாம் தேசியத் தகைமைச் சான்றிதழ் ஆகா. பட்டறையிற் கழியும் நேரம் எவ்வளவு, வேலைத்தளப் பயிற்சி உண்டா என்பனவும் கேட்டறியத்தக்கன. கரண்டியை ஏந்தாது கரும்பலகையில் மட்டும் கற்ற மேசன், நீரில் இறங்காது நீந்தக் கற்றவனை ஒப்பான்.

மூன்றாவதாக, மேற்செல்லும் வழி திறந்துள்ளதா என நோக்குக. தேசிய தொழிற்றகைமைச் சட்டகம் 7 மட்டங்களை உடையது. 1 முதல் 4 வரை சான்றிதழ்கள்; 5உம் 6உம் டிப்புளோமாக்கள்; 7 பட்டம். பிறர் மேற்பார்வையில் வேலை செய்யத் தொடங்கியவன், 4ஆம் மட்டத்தில் தன் பொறுப்பிலேயே தொழிலாற்றும் தேர்ச்சி பெறுகின்றான். அதன்மேற் கற்போன் தொழினுட்பவியலாளனாகவும் மேற்பார்வையாளனாகவும் உயரலாம். இத்தகையோர் பட்டம் பெறவும் வழிசெய்யும் பல்கலைக்கழகமொன்று 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பெற்று, இரத்மலானையில் இயங்குகின்றது. சான்றிதழின்றிப் பல்லாண்டு உழைத்தோரும் புறக்கணிக்கப்பட்டிலர். முன்னர்ப் பெற்ற தேர்ச்சியை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் முறையும் உண்டு.

ஆகவே, ஆசிரியர் கடமை தெளிவானது. பிற வாயில்கள் அடைபட்ட பின்னர் காட்டும் புறவழியாக இதனைக் கொள்ளாது, பரீட்சைக்கு முன்னரே ஏனைய வழிகளோடு ஒப்ப வைத்துக் காட்டுவோமாக. விரும்பித் தேர்ந்தவன் கையிலேயே தொழில் சிறக்கும். அவன் எழுப்பும் சுவரும் நிலைக்கும்.